வராத கப்பல்

நாளையை நினைத்துக் கவலைப்படாதே, இன்றில் இரு என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பெரும்பாலும் அவர்களுக்கு நாளைய சாப்பாடு நிச்சயமாக இருக்கிறது. அது நிச்சயமில்லாதவனிடம் போய் இந்த உபதேசத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. வந்தால் அவன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவும் மாட்டான். இருந்தும் அந்த வாக்கியத்தை முழுக்கத் தள்ளிவிட என்னால் முடிந்ததில்லை. இதற்குக் காரணம் எந்தத் தத்துவமும் இல்லை. ஒரு பூட்டு. 1942 மே மாதக் கடைசியில் திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா குடியிருந்த வாடகை வீட்டுக் கதவில் தொங்கிக்கொண்டிருந்த திண்டுக்கல் பூட்டு.

பூட்டுக்கு வருமுன் சில தேதிகளைச் சொல்லியாக வேண்டும். நம்மில் எழுதுகிறவர்களுக்குத் தேதி என்றால் ஓர் அலட்சியம். சரித்திரம் என்று பேச ஆரம்பித்தால் ராஜராஜன், விட்டால் உப்பு சத்தியாக்கிரகம். நம்முடைய தாத்தாக்கள் மூட்டை முடிச்சோடு ஓடிய ஓட்டம் சரித்திரத்தில் சேர்த்தி இல்லை என்று எப்படியோ முடிவாகிவிட்டது. அது வெட்கப்பட வேண்டிய ஓட்டம் என்று அவர்களே நினைத்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஓடிப்போனதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாட்டி சிரித்தாள். தாத்தா ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. விழவே விழாது என்று வெள்ளைக்காரன் சொல்லிவைத்திருந்த கோட்டை அது. மார்ச் 8-இல் ரங்கூன் போயிற்று, 23-இல் அந்தமான். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்க்கிற யாருக்கும் அடுத்தது எது என்பது ஒரு கணக்காகவே தெரிந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. தெற்கே அடி, வடக்கே அடி, நடுவில் சென்னை.

சென்னைக்கு இதில் ஒரு பழைய ஞாபகமும் இருந்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்துபோயிற்று. அந்தக் கப்பலை அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று அடித்து நொறுக்கிவிட்டது. ஆனால் சென்னையில் அது ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது. கெட்டிக்காரப் பயலை இன்றும் 'சரியான எம்டன்' என்கிறோம். ஒரு ராத்திரி, சில நிமிஷங்கள், ஒரு கப்பல். 28 வருஷம் கழித்து ஒரு நகரம் தன் எதிர்காலத்தை அந்தச் சில நிமிஷங்களைக் கொண்டு கற்பனை செய்துகொண்டது. எதிர்காலம் என்று நாம் பயப்படுவது பெரும்பாலும் இறந்தகாலத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது. புதிதாக ஒன்றைப் பயப்படும் அளவுக்கு நமக்குக் கற்பனை கிடையாது.

ராணுவத் தரப்பிலிருந்து ஒரு தகவல் வந்தது. ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருவதாக. கவர்னர் ஆர்தர் ஹோப். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் அரசாங்கம், நகரத்தில் இருந்தாக வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் வெளியேறிவிடலாம் என்று அறிவித்தது. அரசாங்க அலுவலகங்களே ஊர் ஊராகப் பிரிந்து போயின. 1941 கணக்கெடுப்பின்படி சென்னையின் ஜனத்தொகை 7 லட்சத்து 77 ஆயிரம் சொச்சம். அதில் பெரிய பகுதி சில நாட்களுக்குள் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் கூரை வரைக்கும் நிரம்பி, கரி வாயுவில் ஓடிய பஸ்களிலும் மாட்டு வண்டிகளிலும் ஏறி, உள்நாட்டுக்குப் போயிற்று. வீடுகளை வந்த விலைக்கு விற்றார்கள். விற்க முடியாதவர்கள் பூட்டிக்கொண்டு போனார்கள். பூட்டுவதற்கு வீடு இல்லாதவர்கள் இருந்தார்கள். ஓடுவதற்கும் கையில் காசு வேண்டும், போய்ச் சேர ஒரு ஊர் வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், குப்பை அள்ளியவர்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் நிகழ்காலத்தில் இருந்தார்கள் என்று நான் எழுதினால் அது கவித்துவமாக இருக்கும், அயோக்கியத்தனமாகவும் இருக்கும்.

அந்த ஏப்ரலில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரிப்பன் கட்டிடத்துக்குப் பின்னால், மூர் மார்க்கெட் பக்கம், மிருகக்காட்சி சாலை இருந்தது. மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் இதை 'உயிர்க் காலேஜ்' என்றும் ஜனங்கள் சொல்வார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்று யோசித்தார்கள். யோசித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மலபார் ஸ்பெஷல் போலீஸ் வந்து கொடிய மிருகங்களையெல்லாம் கூண்டுக்குள் வைத்தே சுட்டுக் கொன்றது. நகரத்துக்குள் யுத்தத்தின் பேரால் நடந்த முதல் துப்பாக்கிச் சூடு இதுவாகத்தான் இருக்கும். விழாத குண்டு உடைக்காத கூண்டிலிருந்து தப்பிக்காத புலி செத்துப்போனது. இந்த வாக்கியத்தை நான் வேண்டுமென்று ஜோடிக்கவில்லை, நடந்ததை அப்படியே வரிசையாகச் சொன்னால் இப்படித்தான் வருகிறது.

இப்போது கடலுக்குப் போவோம். நகுமோ என்ற தளபதியின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து மகாசமுத்திரத்தில் இருந்தன. ஏப்ரல் 9-ஆம் தேதி திருகோணமலைக் காரியம் முடிந்ததும் அவை கிழக்கே திரும்பிவிட்டன. சென்னையில் ஜனங்கள் ரயில் பெட்டியின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கப்பல்கள் மலாக்கா ஜலசந்தி வழியாக ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜூன் மாதம் மிட்வே தீவருகே நடந்த சண்டையில் அந்த ஐந்தில் மூன்று மூழ்கின. அப்படியொரு படை பிறகு இந்தக் கடலுக்கு வரவே இல்லை. எதிர்காலம் சென்னையைப் பார்த்து வந்துகொண்டிருந்ததாக எல்லோரும் நம்பிய வேளையில் அது முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தது. நமக்கு இன்றைக்கு இது தெரிகிறது. அன்றைக்குக் கவர்னருக்கும் தெரியாது, எங்கள் தாத்தாவுக்கும் தெரியாது. ஆகையால் சிரிக்கிற அதிகாரம் நமக்கு இல்லை. கைக்குழந்தையையும் சேர்த்து நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனி குமாஸ்தா, ஒருவேளை கப்பல் திரும்பிப் போயிருக்கலாம் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவனைத்தான் பைத்தியக்காரன் என்றிருப்போம்.

இந்த இடத்தில் எனக்கு அகஸ்டின் ஞாபகம் வருகிறார். எதிர்காலம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று சுமார் 1600 வருஷங்களுக்கு முன்பு கேட்டு, அது இப்போதைய மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பைத் தவிர வேறில்லை என்ற முடிவுக்கு வந்தவர். நம் வட்டாரத்தில் அவரது காலத் தத்துவத்தைப் பற்றிப் பேசுவதோடு சரி. அவர் எப்படிச் செத்தார் என்பதை யாரும் பேசுவதில்லை. 430-ஆம் வருஷம் ஆகஸ்டில், வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தை வண்டால்கள் முற்றுகையிட்டிருந்தபோது உள்ளே நோயில் செத்தார். அதற்குச் சற்று முன்பு ஹோனோராட்டஸ் என்ற பிஷப் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எதிரிகள் வருகிறார்கள், பாதிரிமார்கள் ஓடலாமா, இருக்க வேண்டுமா? அகஸ்டின் எழுதிய பதில் நீளமானது. நான் புரிந்துகொண்ட வரையில் அதன் சாரம் இது. எல்லோரும் போகிறார்களென்றால் நீயும் போ. உன்னை மட்டும் தேடுகிறார்களென்றாலும், உன் இடத்தில் இருந்து வேலையைப் பார்க்க வேறு ஆள் இருந்தால், போ. ஆனால் போக முடியாதவர்கள் இங்கே இருந்து, அவர்களுக்கு உன்னுடைய காரியம் தேவைப்பட்டால் நீ போகக் கூடாது. அவர் காலத்தைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும்விட இந்தக் கடிதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரி வருவானா மாட்டானா என்ற ஆருடத்தை அவர் அப்படியே ஒதுக்கி வைத்துவிடுகிறார். கண்ணெதிரே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறார்.

1942 ஏப்ரலில் சென்னையின் கண்ணெதிரே யார் இருந்தார்கள்?

பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள். ரங்கூனில் குண்டு விழுந்த நாளிலிருந்து அவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் கப்பலில், கல்கத்தாவுக்கும் சென்னைக்கும். துறைமுக வேலை நின்றுவிடும் என்று கூலிகளைப் போகவிடாமல் அரசாங்கம் தடுத்துப் பார்த்தது. பிறகு கப்பல் இல்லை. நடந்தார்கள். தவுங்கப் கணவாய் வழியாக அராக்கான் கரைக்கு, அங்கிருந்து சிட்டகாங்குக்கு. அது முடியாதபோது தாமு வழியாக மணிப்பூர் மலைகளுக்கு. அதுவும் முடியாதபோது ஹுக்காங் பள்ளத்தாக்கின் சேற்றில். மொத்தம் ஏறக்குறைய 5 லட்சம் பேர். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பது இன்றுவரை கணக்கில் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு ஒரு பாதை என்று சாவிலும் தரம் பிரித்திருந்தார்கள். அதில் பெருந்தொகையினர் தமிழர்கள், தெலுங்கர்கள். கூலிகளும், ரிக்ஷா இழுத்தவர்களும், ஆலை ஆட்களும், குமாஸ்தாக்களும், லேவாதேவிக் கடை ஏஜண்டுகளும். 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. அந்த நிலமெல்லாம் எதிர்காலத்துக்கென்று, பேரன் பேத்திகளுக்கென்று சேர்த்தது. 1942-லும் அதன் பின்னருமாக அது எப்படிப் போயிற்று என்பதைக் காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் பூட்டிய அறைகள் சொல்லும்.

நம் ஆட்களில் வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்தவர். ரங்கூனில் 'ஜோதி' என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர், பிளேட்டோவையும் ரூஸ்ஸோவையும் தமிழில் தந்தவர். பின்னாளில் இந்த நடையை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதினார். தமிழ் உரைநடையைப் பற்றி நாம் போடுகிற பட்டியல்களில் இந்தப் புத்தகம் வருவதில்லை. அதைப் பற்றி வேறு சந்தர்ப்பத்தில் சண்டை போடலாம்.

ரங்கூனில் எங்கள் பெரிய தாத்தா இருந்தார், தாத்தாவின் அண்ணன். ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. 1941 கடைசியில் அவர் எழுதிய ஒரு கடிதம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் வெகு காலம் இருந்தது, நானே படித்திருக்கிறேன். இங்கே ஒன்றும் ஆகாது, பிரிட்டிஷ்காரன் இருக்கிறான், சம்பளம் ஒழுங்காக வருகிறது, மழைக்குப் பிறகு நெல் நன்றாக விளைந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். கவலையற்ற கடிதம். இன்றில் இரு என்கிறவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் கடிதம். சில வாரங்களில் தலைமேல் குண்டு விழுந்தது.

ஆகவே விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ரங்கூனில் பயந்தவர்கள் பிழைத்தார்கள், பயப்படாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சென்னையில் பயந்தவர்கள் கேலிக்கு ஆளானார்கள், பயப்படாதவர்கள் வீர்களானார்கள். அதே மாதங்கள், அதே ஜப்பான், எங்கள் வீட்டிலேயே அண்ணனும் தம்பியும். எதிர்காலத்தைப் பற்றி யார் சரியாக நினைத்தார்கள் என்று பார்த்தால் இருவருமே தவறாக நினைத்தார்கள். பெரிய தாத்தாவின் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குத் தோன்றியது இது: அவர் நிகழ்காலத்தில் இருக்கவில்லை. பிரிட்டிஷ்காரன் என்ற ஒரு பழைய நம்பிக்கையில் இருந்தார். நிகழ்காலத்தில் இருந்திருந்தால் வேலைக்கு வருகிற ஆட்கள் குறைவதையும், கப்பல் ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர்வதையும் அவர் பார்த்திருப்பார். கவலையில்லாமல் இருப்பதும் கண் திறந்திருப்பதும் ஒன்றல்ல. கவலை என்பது தொலைநோக்கு ஆகிவிடாது என்பது போலத்தான் இதுவும்.

பயம் ஒரு குமாஸ்தாவுக்கு வந்தால் வீட்டைப் பூட்டுகிறான். அதே பயம் ஓர் அரசாங்கத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானியன் கடல் வழியாக வங்காளத்துக்குள் இறங்கிவிடுவான், இறங்கினால் அவனுக்குச் சோறும் வாகனமும் கிடைக்கக் கூடாது என்று 1942-இல் முடிவு செய்தார்கள். கரையோர மாவட்டங்களில் மிச்சம் என்று கருதப்பட்ட அரிசியைக் கொள்முதல் செய்து அப்புறப்படுத்தினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையெல்லாம் கைப்பற்றவோ உடைக்கவோ செய்தார்கள். பதிவான சுமார் 66 ஆயிரம் படகுகளில் சுமார் 46 ஆயிரம் இல்லாமல் போயின. படகு இல்லாவிட்டால் அந்தப் பிரதேசத்தில் கால் இல்லாத மாதிரி. மீனவனுக்கு மீன் இல்லை, குயவனுக்குச் சந்தை இல்லை, ஆற்றுத் திட்டில் பயிர் வைத்தவன் தன் வயலுக்கே போக முடியவில்லை. பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. அக்டோபரில் மிதுனபுரியைப் புயல் அடித்தது. விலை ஏறியது. 1943-இல் பஞ்சம். செத்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கூட்டியும் குறைத்தும் சொல்கிறவர்கள் உண்டு. பஞ்சத்துக்கு இந்தப் படகு அழிப்பு எவ்வளவு பங்கு காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். யுத்தகாலப் பணவீக்கம், பதுக்கல், மேலிருந்தவர்களின் அலட்சியம் என்று பல காரணங்கள் உண்டு. நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள விரும்பவில்லை. ஆனால் வராத எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று எடுத்த அரிசி, இருந்த மனிதனுக்குக் கிடைக்காமல் போயிற்று என்பதில் வாதமில்லை. உயிர்க் காலேஜில் நடந்ததுதான், அளவு வேறு.

1943 அக்டோபரில் சென்னைக்கு ஜப்பான் கடைசியாக வந்தது. ஒரே ஒரு விமானம். துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஓடியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் திரும்பி வந்துவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை யாரும் ஓடவில்லை. அந்த மாதம் பெருமழை பெய்து கூவம் கரை உடைத்து நகரத்துக்குள் வந்திருந்தது. ஜனங்களுக்கு முழங்கால் தண்ணீர்தான் கவலை. குண்டு விழுந்ததைப் பாட்டி மறுநாள்தான் கேள்விப்பட்டாளாம்.

சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் இன்னொன்று. அந்த 1942-இல்தான் திருச்சியிலிருந்து வி.ரா. ராஜகோபாலன், நமக்குச் சாலிவாஹனன், 'கலாமோகினி'யைத் தொடங்கினார். மணிக்கொடி நின்றுபோயிருந்தது. யுத்தத்தில் காகிதத் தட்டுப்பாடு. அரசாங்கமே ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில், கவிதைக்கும் கதைக்கும் ஒரு பத்திரிகை வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அதைத் தைரியம் என்றோ பொறுப்பின்மை என்றோ சொல்லலாம். அடுத்த இதழ் வருமா என்று தெரியாமலே இந்த இதழுக்குப் புரூப் பார்க்கிறவர்களுக்கு, அதாவது இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு, நான் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

என் சொந்த விஷயம் ஒன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். தாத்தாவைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு இருக்கும் தகுதி அதுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு என்றதும் நான் முதலில் செய்தது 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கிப் போட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மூன்று மாதத்துக்கு என்ன தேவை என்று ஒரு நோட்டில் பட்டியல் எழுதினேன்: மாத்திரை, சோப்பு, மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, 1942-இன் விளக்கணைப்பு எங்கேயோ ரத்தத்தில் இருந்திருக்க வேண்டும். நான் மாதவரத்தில் இருக்கிறேன், ஜி.என்.டி. சாலைக்குப் பக்கத்தில். மே மாதம் அந்தச் சாலையில் வடநாட்டுத் தொழிலாளர்கள் நடந்து போனார்கள். பீகாருக்கும் ஒரிசாவுக்கும். பத்து, இருபது பேர்களாக, தோளில் பை, சிலர் சைக்கிளில். பால் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். அதாவது கண்ணில் பட்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் என் நோட்டில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவது மூட்டையில் வண்டு விழுந்தது. அதை வெயிலில் காயப்போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பாட்டி சொன்ன பூட்டு ஞாபகம் வந்தது.

பாட்டி 1984-இல் போனாள். இந்தக் கதையை அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி சொல்வாள். எனக்கு ஊர்ஜிதமாகத் தெரிந்தது வரைக்கும் எழுதுகிறேன்.

தாத்தா ஏப்ரல் மத்தியில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் பக்கத்தில் பாட்டியின் பிறந்த ஊருக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு காரியம் ஒழுங்காகச் செய்தார்: தபால்காரரிடம் ஊர் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தெரு ஏறக்குறைய காலி. தெருமுனையில் இட்லி சுட்டு விற்கும் ஓர் ஆயா மட்டும் அடுப்பை எடுக்கவில்லை. நீ போகலையா என்று பாட்டி கேட்டதற்கு, "எங்க போறது தாயி? பட்டணத்தை வுட்டா நமக்கு ஏது ஊரு?" என்றாளாம். வாங்க ஆளில்லாமல் முதல் சில நாள் இட்லியை அவளே தின்றிருக்கிறாள். பிறகு ஏ.ஆர்.பி. ஆட்களும் துறைமுகத்து ஆட்களும் வர ஆரம்பித்தார்கள்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் காலையில் பெரிய தாத்தா வந்தார். மணிப்பூர் வழியாக நடந்து, கல்கத்தாவிலிருந்து ரயிலில். எத்தனை நாள் நடந்தார் என்பது பாட்டியின் கதையில் ஒரு தடவை 40, ஒரு தடவை 60. கால் இரண்டும் துணி சுற்றியிருந்தது. உடம்பில் காய்ச்சல். சென்ட்ரலில் இறங்கி நேராகத் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். கதவில் பூட்டு. அந்தப் பூட்டு அவரே தம்பியின் கல்யாணத்தின்போது வாங்கிக் கொடுத்தது என்பது பாட்டி சேர்த்துச் சொன்னதாக இருக்கலாம். தெருவில் கேட்க ஒரு ஆள் இல்லை. ஜப்பான்காரனை நேரில் பார்த்த மனிதர், ஜப்பான்காரனுக்குப் பயந்து காலியாகிவிட்ட தெருவில் திண்ணையில் சாய்ந்திருக்கிறார்.

இட்லிக்கார ஆயாதான் பார்த்தாள். பூட்டின வீட்டு முன்னால ஒரு ஆளு குந்தினுகீறான், திருடன்னு நெனச்சுப்பேன் என்று பின்னால் பாட்டியிடம் சொன்னாளாம். அருகில் போய்ப் பார்த்தபிறகு இட்லி கொண்டுவந்து கொடுத்தாள். தபால்காரரைப் பிடித்து ஒரு கார்டு எழுதவைத்தாள். கார்டு வந்தவாசிக்குப் போய்ச் சேர்ந்து, தாத்தா கிளம்பி வருவதற்கு 11 நாள் ஆயிற்று. தெருவில் இருந்த ஒரே நாட்டு வைத்தியரும் ஓடிப்போயிருந்தார். 11 நாளும் கஷாயமும் கஞ்சியும் இட்லியும் அவளுடைய அடுப்பிலிருந்துதான் வந்தன.

பெரிய தாத்தாவிடம் காசு இல்லாமல் இல்லை. இடுப்பில் ஒரு முடிப்பு வைத்திருந்தார். ஆனால் எல்லாம் பர்மா முத்திரை போட்ட நோட்டு. ஆயா வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். கணக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தாள். இட்லிக்கு ஒரு மாதிரி, கஞ்சிக்கு ஒரு மாதிரி. தாத்தா வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அந்தச் சுவரைக் காட்டியிருக்கிறாள்.

தாத்தா கோடுகளை இரண்டு தடவை எண்ணினாராம். ஒரு கோடு அதிகம் இருக்கிறது என்று சொன்னதாகப் பாட்டி ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை கேட்டபோது அப்படியெல்லாம் இல்லை, கேட்டதற்கு மேலேயே கொடுத்தார் என்றாள்.